கிணற்றடிக் கொடி ரோஜா

எனக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா, ரயில்வே பங்களாத் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜாக் குச்சியை ஒடித்துவந்து, விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஊன்றினார். அந்த மாதமே வேலை தேடி மதராசுக்குப் போனார். ஒரே ஒரு கார்டு வந்தது. அப்புறம் ஆளும் இல்லை, தகவலும் இல்லை.

குச்சி மட்டும் பிழைத்துக்கொண்டது. எப்படிப் பிழைத்தது என்கிறீர்கள்! அரிசி கழுவிய தண்ணீரும் ஆட்டுப் புழுக்கையும்தான் அம்மா போட்டாள். மூன்றே வருஷத்தில் மூங்கில் பந்தலை மூடி ஓட்டுக் கூரையையும் பிடித்துவிட்டது. கோடையில் கிணறே வற்றினாலும் அது நாலு பூவாவது கொடுக்கும். இளஞ்சிவப்பு, சின்னப் பூ, வாசனை தெருக்கோடி வரை போகும். தினமும் காலையில் அம்மா ஒன்றைப் பறித்துக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் குடத்தை எடுப்பாள். தெருக்குழாயில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பூதான் பதில். புருஷன் இருக்கிறான்.

"ஆளக் காணோம், பூவுக்கு மட்டும் கொறச்சலில்ல" என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் பாதி, அம்மா மேல் பாதி.

பதினெட்டு வயதில் திண்டிவனத்திலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாம் பிடித்திருந்தது. பத்திரிகையில் அப்பா பெயரை எப்படிப் போடுவது என்பதில்தான் பேச்சு நின்றுபோனது. இருக்கிறவரா, இல்லாதவரா?

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வந்தார். "பன்னெண்டு வருசம் ஆயிடுச்சும்மா. இன்னும் எத்தினி நாளு பாத்துக்கினே இருப்ப? செய்ய வேண்டியத செஞ்சிட்டா பொண்ணுக்கு ஒரு வழி பொறக்கும்."

பன்னிரண்டு வருஷம் தகவல் இல்லாதவருக்குக் கருமாதி செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா கதவோரமாக நின்று என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டியிருந்தது, பாவி!

"செய்யுங்க மாமா" என்றாள் அம்மா.

வைக்கோலில் ஓர் ஆள் செய்து ஏரிக்கரையில் கொளுத்தினார்கள். சடங்கில் கடைசியாக ஒரு தடவை பூ வைத்து, பிறகு எடுத்துவிடுவார்கள். அதற்குக் கடைப்பூ வாங்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கொடியில் மொட்டுக்கூட விடாமல் பறித்து அம்மாவின் தலை நிறைய வைத்தார்கள். அம்மா அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

அடுத்த தையில் என் கல்யாணம். பின்னலுக்கு வேண்டிய பூவை அம்மாதான் பறித்தாள். ஆனால் சித்தியிடம் கொடுத்தனுப்பினாள். அவள் கை அன்றைக்கு என் தலையில் படக்கூடாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பூவை உருவிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன்.

"இந்தா, நீ ஒண்ணு வச்சிக்க. இங்க யாரும் பாக்கல."

"யாரும் பாக்கலன்னா அப்புறம் எதுக்குடி பூவு?" என்றாள்.

நான் திண்டிவனம் போன மறுநாளே ஆள் வைத்துப் பந்தலைப் பிரித்து, கொடியை அடியோடு வெட்டச் சொன்னாளாம். ஆடிக்குத் தாய்வீடு வந்தபோது பார்க்கிறேன், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்து, ஏற ஒன்றும் இல்லாமல் தரையிலேயே படர்ந்து பூத்திருக்கிறது சனியன். வாசனை வாசல் வரை வந்தது.

அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள், முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு.