பீச் பழம் வைத்த கை

எங்கள் வீட்டுக் குசினி யன்னலில், பாத்திரம் கழுவுகிற சோப் போத்தலுக்குப் பக்கத்தில், ஒரு பீச் பழக் கொட்டை கிடக்கிறது. கழுவிக் காய வைத்தது. "அம்மா, உதை கார்பேஜில போடுங்கோவன்" என்று மகள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். தொட்டால் கையை முறிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் கொட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பழைய முதலாளியம்மாவின் ஞாபகம் வரும். ஞாபகம் என்றதும் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு பற்றி எரிந்துகொண்டு வருகிற ஞாபகம். செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு சொல் எழுத வேண்டும் என்பார்கள். அவர் செத்தாரா இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவர் கொரியாக்காரி. மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிப் பக்கமாக ஒரு பிளாசாவில் அவருக்கும் கணவருக்கும் ஒரு கறிக்கடை இருந்தது. சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சமைத்துச் சின்னச் சின்னப் பெட்டிகளில் அடைத்து விற்கிற கடை. நான் கனடாவுக்கு வந்த புதிதில் அங்கே சேர்ந்து, ஆறு வருடம் முள்ளங்கி சீவினேன், கோவா இலைக்கு உப்புப் பிசறினேன். கணவர் முன்னால் கவுண்டரில் இருந்து நாடகம் பார்ப்பார். அம்மையார் பின்னால் காலையில் இருந்து கடை பூட்டும்வரை நின்றபடியே நிற்பார். தான் கதிரையில் இருக்காத மனுஷி மற்றவர்களை இருக்க விடுவாரா? நான் கதிரைப் பக்கம் திரும்பினாலே "யூ!" என்று ஒரு அதட்டல் வரும். "யூ, மெல்லிசாய் வெட்டு. யூ, கையைக் கழுவு." ஆறு வருடமும் அங்கே என் பெயர் அதுதான். என் சொந்தப் பெயர் மூன்றே எழுத்து. அவ்வளவு கஷ்டமான பெயரும் இல்லை.

மத்தியானம் சாப்பிடுகிற பத்து நிமிஷத்தில் மட்டும் மனுஷி கதைக்கும். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஷ்தான். அதில் அவர் சொன்னவற்றை என் வாயால் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் மூத்த மகன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்களாம். மூத்த மகனின் மனைவி என்றால் அந்தக் குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கும் செத்துப்போனவர்களுக்கும் சேர்த்துச் சமைக்க வந்தவள் என்று அர்த்தம். விடிய எழும்பி மாமியாரைக் கும்பிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு அடிப்பானையில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ன வேண்டும். முதற்பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் காய்ச்சிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். மாமியார் அடுப்பே மூட்டவில்லை. செய்தி கேள்விப்பட்டு இவரின் தாய், பாசியைத் துணியில் முடிந்துகொண்டு, பஸ் பிடித்து வந்தாராம். வாசல் படலையோடு மறித்து, முடிச்சை மட்டும் வாங்கிக்கொண்டு, தாயைத் திருப்பி அனுப்பிவிட்டாள் மாமியார்க்காரி. "அம்மா நடந்து போன முதுகைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு மனுஷி எழும்பிக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

எனக்குக் கேட்கக் கேட்க ஆத்திரம் வந்தது. எங்கள் மட்டக்களப்பில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுக்கு. மாமியார் வருவதென்றால் வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். நான் இதைச் சொன்னபோது முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் புளுகுகிறேன் என்று நினைத்திருப்பார். நானும் அந்த ஊர்ச் சீரை எங்கே அனுபவித்தேன்? யாழ்ப்பாணத்தானைக் கட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தேன். பின்னாலேயே என் மாமியும் வந்து சேர்ந்தா. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஒவ்வொரு ஆவணியிலும் அந்த மாமியார்க்காரியின் திவசம் வரும். ஜேசா என்பார்கள். மச்சான்மார், கொழுந்தன்மார் என்று இருபது பேர் ஸ்ரௌவ்வில்லில் இருந்த அவர்களின் பெரிய வீட்டுக்கு வருவார்கள். முதலாளியம்மா இரண்டு நாள் சமைப்பார். உதவிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மீனையும் சுக்கினியையும் மாவில் பிரட்டி, முட்டையில் தோய்த்துத் தட்டுத் தட்டாகப் பொரிக்க வேண்டும். படையலுக்குப் போகிற கறியில் உள்ளியும் மிளகாயும் சேரக்கூடாது. பழங்களின் தலையைச் சீவிவிட்டு வைக்க வேண்டும். சிவப்பு நிறப் பழம் ஒரு பக்கம், வெள்ளை மறுபக்கம். செத்தவர் உள்ளே வருவதற்காக முன் கதவைத் திறந்து விடுவார்கள். ஆம்பிளைகள் வரிசையாக விழுந்து கும்பிடுவார்கள். சமைத்தவள் குசினியில் நின்று சட்டி கழுவுவாள். கும்பிடுகிற உரிமை அவளுக்கு இல்லை. ஐந்து வருடம் நான் அதைப் பார்த்தேன்.

ஆறாவது வருடம் மாரியில் முதலாளியம்மாவின் தாய் ஊரில் செத்துப்போனார். இவரால் போக முடியவில்லை. கடையை யார் பார்ப்பது என்று கணவர் கேட்டாராம். அந்த வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது, இரண்டும் பெண்கள், இரண்டும் கட்டிக்கொண்டு போனவர்கள். கட்டிக்கொண்டு போனவள் அந்நியள். ஆக, தாய்க்கு ஒரு கோப்பைச் சோறு படைக்க உலகத்தில் ஆளில்லை. ஆவணி கிட்ட வந்தபோது மனுஷி கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டது. மாமியாரின் படையலில், ஒரு மூலையில், தன் தாய்க்கும் ஒரு கோப்பைச் சோறு வைக்கட்டுமா? நான் அங்கேதான் உப்புப் பிசறிக்கொண்டு நின்றேன். பாஷை விளங்காவிட்டாலும், அந்தக் குரல் கெஞ்சுகிறது என்பது விளங்கியது. கணவர் உடனே தன் அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா அந்தப் பக்கம் கத்தியது எனக்கே கேட்டது. இரண்டு வீட்டுச் செத்தவர்கள் ஒரு மேசையில் இருக்க மாட்டார்களாம். இதெல்லாம் பிறகு மத்தியானச் சாப்பாட்டில் மனுஷி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலாளியம்மா போனைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "யூ, என்ன பார்க்கிறாய்?" என்றார்.

திவசத்தன்று காலையில் எனக்குப் போன் வந்தது. வருகிற வழியில் ஒரு கூடை பீச் பழம் வாங்கிவரட்டாம். நயாகராப் பழம், நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து. முந்திய ஐந்து வருடமும் ஆப்பிளும் பெயார்ஸும்தான் வைத்தார்கள், இந்த வருடம் ஏன் பீச் என்று எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. வாங்கிக்கொண்டு போனேன். பின்னேரம் எல்லோரும் வெளியே கோட்டுச் சூட்டோடு நின்று கதைத்துக்கொண்டிருக்க, மனுஷி கூடையில் கையை விட்டு இருந்ததிலேயே பெரிய பழத்தை எடுத்தார். கழுவினார். தலையைச் சீவினார். கால் வைத்த தட்டில் வைத்து, மாமியாரின் படத்துக்கு நேர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். பொரித்த மீன் தட்டோடு நான் மூன்றடி தள்ளி நின்றேன். இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

கணவரின் அக்கா படையலைச் சரிபார்க்க வந்தார். பழத்தைக் கண்டதும் பாம்பைக் கண்டவர்போலக் கத்தினார். வெளியே நின்றவர்கள் எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். ஆர் வைத்தது, ஆர் வைத்தது என்று அவர் கேட்கிறார் என்பது விளங்க எனக்குக் கொரிய பாஷை தேவைப்படவில்லை. முதலாளியம்மா குசினி வாசலில் நின்றார். பொரியல் திருப்புகிற நீளக் குச்சி கையில் இருந்தது. அந்தக் குச்சியைத் தூக்கி என்னைக் காட்டினார். இங்கிலிஷிலேயே சொன்னார், எனக்கும் விளங்கட்டும் என்று: "அவள்தான் வைத்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது."

இருபது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் மனுஷியைப் பார்த்தேன். மனுஷி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? தட்டைத் தூக்கி எறிந்து, "பொய்!" என்று கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சொறி" என்றேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். இன்றைக்கும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அக்காக்காரி பழத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டு, தட்டை மூன்று தரம் கழுவுவித்து, என்னைக் கராஜில் போய் நிற்கச் சொன்னார். உள்ளே திவசம் நடந்தது. திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கணவர் வாசலில் மறித்து, இனி வேலை இல்லை என்றார். பின்னால் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம்கூட அது நிற்கவில்லை.

பழத்தில் என்ன குற்றம் என்பது சில வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது நான் படித்து முடித்து, முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே ஒரு கொரிய நேர்ஸ். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒரு பீச் பழம் நீட்டியபோது பழைய கதையைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பீச் பழம் பேயை விரட்டுமாம். படையலில் அதை வைத்தால் செத்தவர் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாராம். "என் முதலாளியம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமோ?" என்று கேட்டேன். "நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்" என்றாள்.

அப்படியென்றால் மனுஷி தெரிந்துதான் வைத்திருக்கிறது. தன் தாயைப் படலையோடு திருப்பி அனுப்பியவளை, தானும் வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறது. சரி, வைத்தாய். நல்ல வேலை செய்தாய். எனக்கு அப்போதே விஷயம் தெரிந்திருந்தால் இரண்டு பழமாக வை என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஆர் வைத்தது என்று கேட்டபோது வாய் எங்கே போனது? செத்த மாமியாரை எதிர்க்க வந்த துணிவு, உயிரோடு இருந்த மச்சாளுக்கு முன்னால் ஓடி ஒளிந்துவிட்டது. பயம் என்று எனக்கு விளங்குகிறது. நாற்பது வருடம் பயந்து பழகிய உடம்பு. விளங்குகிறது என்பதற்காக மன்னிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. தன்னை மிதித்தவளை விட்டுவிட்டு, தனக்குக் கீழே நின்றவளைக் காட்டிக் கொடுத்தது அந்தக் குச்சி.

இனி என் மாமி. பதினாலு வருடம் ரூஜில் எங்கள் வீட்டில் இருந்தா. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு உண்டு. பகிடிக்குச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மாமி பகிடிக்குச் சொல்லவில்லை. "என்ரை பிள்ளையைப் பாயோட ஒட்டவைச்சிட்டாள்" என்று மகளுக்குப் போனில் சொல்லுவா, நான் பக்கத்தில் நிற்கும்போதே. நான் கொடுக்கும் தேத்தண்ணியை என் மனுஷன் ஒரு வாய் குடித்த பிறகுதான் வாங்குவா. நான் 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் 'மறுகா' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அதைப் பிடித்து நாள் முழுக்க நெளித்துக் காட்டுவா. கடைசி மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது கழுவித் துடைத்தது நான். அவ சாவதற்கு முதல் கிழமை கஞ்சி பருக்கப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் நின்ற தன் மகளை, என் மச்சாளை, கண்ணால் காட்டினா. மச்சாள் ஒரு கரண்டி குடித்துக் காட்டினா. அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

இந்த ஆவணியில் முதலாவது ஆட்டைத் திவசம். விடிய எழும்பிச் சமைத்தேன். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம், எல்லாம் மாமிக்குப் பிடித்தவை. ஐயர் கிரியை முடித்துப் போன பிறகு, சாமியறைக்கு முன்னால் படத்தை வைத்துத் தலைவாழை இலையில் படைத்தோம். எல்லோரும் ஹோலில் இருந்து மாமியின் அருமை பெருமை கதைத்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் ஒரு கூடை பீச் பழம் இருந்தது. அதற்காக வாங்கியது என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன், இல்லை என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன். பெரியதாக ஒன்றை எடுத்துக் கழுவினேன். தலையைச் சீவினேன். தட்டில் வைத்து, மாமியின் படத்துக்கு நேர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். பதினாலு வருடம் சூனியக்காரி என்று பெயர் கேட்டவள், ஒரு நாளாவது செய்து பார்க்கட்டுமே.

மச்சாள் கும்பிட வந்தா. கும்பிட்டுவிட்டுக் குனிந்து பார்த்தா.

"உதென்ன பழம்? ஆர் உதை நடுவில கொண்டுவந்து வைச்சது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் வழக்கம்போல, "சின்னனுகள் ஆரும் வைச்சிருக்குங்கள், விடுங்கோ அக்கா" என்றார். பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். என் தங்கச்சியின் சின்ன மகள் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாலே போதும்.

"நான்தான் வைச்சனான்" என்றேன்.

"அம்மாவுக்குப் பீச் பழம் பிடிக்கவே பிடிக்காது, கண்ணிலயும் காட்டக்கூடாதெல்லே?"

"ஓம் மச்சாள். தெரியும்."

மச்சாள் என்னைப் பார்த்தா. நான் கண்ணை எடுக்கவில்லை. அடுப்புப் பக்கமும் திரும்பவில்லை. அவதான் முதலில் திரும்பி, வடை ஆறப்போகிறது, சாப்பிடுவோம் என்றா. பழம் கடைசிவரை அங்கேயே இருந்தது.

எல்லோரும் போன பிறகு, அதை எடுத்துச் சிங்கோடு நின்றபடி சாப்பிட்டேன். முழங்கைவரை சாறு ஒழுகியது. நல்ல இனிப்பு. கொட்டையைக் கழுவி யன்னலில் வைத்தேன். அந்த மனுஷி எங்கே இருந்தாலும் கேட்கட்டும் என்று, ஆளில்லாத குசினியில் வாய்விட்டே சொன்னேன்: "யூ, இப்பிடித்தான் சொல்ல வேணும்."