கரும்புக் கொல்லைக்கு வந்த கடல் அழைப்பு

கச்சிராயபாளையத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைக்காகத் தகராறு. என் தம்பியைக் கரும்புக் கொல்லையில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, வாயிலேயே குத்தினேன். மண்வெட்டிக்குக் கை நீட்டியபோது போன் அடித்தது. கட் பண்ணப் போய் எடுத்துவிட்டேன்.

“சார், கடல் மீட்பு மையம். உங்க படகிலேருந்து ஆபத்து சிக்னல் வருது. எத்தனை பேர் போயிருக்காங்க?”

“எனக்கு ஏதுங்க படகு?”

“படகு முழுகினா சிக்னல் அனுப்புற கருவிக்கு இந்த நம்பரைத்தான் பதிஞ்சிருக்காங்க சார். உயிர் போற விஷயம்.”

இந்த எண் எனக்கு வருவதற்கு முன்பு கடலூர் படகுக்காரர் ஒருவருடையது. பதிவில் அவர் மாற்றவே இல்லை. கீழே கிடந்த தம்பி ரத்தத்தைத் துப்பினான்.

“அவரு புது நம்பர் என்கிட்ட கீது. எய்ந்திருண்ணா, சொல்றேன்.”

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தபோது, படகுக்காரரைத் தேடி என் போனுக்கு வரும் அழைப்புகளுக்குத் தம்பிதான் பதில் சொல்வான்.

சாயங்காலம் மையத்திலிருந்து மறுபடி அழைத்தார்கள். படகில் இருந்த எல்லாரையும் மீட்டுவிட்டார்களாம்.

எனக்கு ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? போனில் அவசர எண்ணாக இருந்த தம்பியைப் பாகம் பிரித்தபோதே அழித்திருந்தேன். அவன் வீட்டுக்குப் போனேன்.

“உன் நம்பரை சொல்லுடா.”

வீங்கிய உதட்டோடு அவன் சொன்னது புரியவில்லை. மறுபடி கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன்.