இரண்டாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில்

லிஃப்டுக்காரருக்கு அந்த அரசாங்க அலுவலகத்தில் வேண்டியிருந்தது மாதாமாதம் ஒரு உதவித்தொகை. வேலை இல்லாதவர் என்று கொடுத்தாலும் சரி, வேலை செய்ய முடியாதவர் என்று கொடுத்தாலும் சரி, எந்தப் பெயரில் வந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்று நினைத்து இரண்டுக்குமே மனுப் போட்டார். பாவம், அங்கேதான் தப்புச் செய்தார்.

பழுதான லிஃப்டுகளைச் சரிசெய்வது அவர் தொழில். ஒரு துணிக்கடையின் லிஃப்டுக் குழிக்குள் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் போயிற்று. எழுந்து நடமாட ஆரம்பித்தபோது இடது கால் இழுத்துக்கொண்டது. வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கம்பெனி அவருக்கு ஒரு பழக்கூடையும் வேலைநீக்கக் கடிதமும் அனுப்பியது. பழங்களெல்லாம் நன்றாகவே இருந்தன.

வேலையில்லாதோர் பிரிவு இரண்டாம் மாடியில். அங்கே இருந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வேலை செய்யத் தெம்பு இருந்தும் வேலை கிடைக்காதவங்களுக்குத்தான் இது. உங்களால நிக்கவே முடியலையே. நாலாம் மாடிக்குப் போங்க.”

நான்காம் மாடியில் உடல் இயலாதோர் பிரிவு. அங்கிருந்த அதிகாரி கோப்பைப் புரட்டினார். “ரெண்டாம் மாடியில நீங்க போட்ட மனு நிலுவையில இருக்கு. வேலை தேடுறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவங்க முடிவு சொன்னப்புறம் வாங்க.”

இரண்டாம் மாடியோ நான்காம் மாடியின் முடிவுக்காகக் காத்திருந்தது. இரண்டு பிரிவும் ஒன்றையொன்று விசாரித்துக் கடிதம் எழுதின. அதையும் தபாலில் அனுப்பின. நடுவில் இருந்த மூன்றாம் மாடியில் கழிப்பறை மட்டும்தான், அதுவும் பூட்டிக் கிடந்தது.

நடக்க முடியாதவர்களுக்கான பிரிவை நான்காம் மாடியில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. லிஃப்ட் ஒன்று இருந்தது. அதன் கதவில் ‘பழுது’ என்று தொங்கிய அட்டை வெயிலே படாமல் வெளுத்துப் போயிருந்தது. லிஃப்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறுவார். தையல் கம்பெனியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த மனைவி, பையோடு பின்னாலேயே வருவாள்.

ஒருநாள் அவள் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். காவலாளி சும்மா லிஃப்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். அந்தச் சத்தம் லிஃப்டுக்காரர் காதில் விழுந்தது. கதவு முழுசாகச் சேரவில்லை. சேர்ந்தால்தானே லிஃப்ட் நகரும்! அவருக்குக் கை அரித்தது. காவலாளியின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதவிடுக்கில் அடைந்திருந்த அழுக்கைச் சட்டை நுனியால் துடைத்து, வளைந்திருந்த சின்னத் தகடு ஒன்றை விரலால் நிமிர்த்தினார். லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது. முதலில் ஏறியவர் நான்காம் மாடி அதிகாரி. “அடடே, நல்ல கை” என்று மெச்சிக்கொண்டே போனார்.

போனவர் நேராகக் கோப்பில் எழுதினார்: ‘மனுதாரர் வேலை செய்யத் தகுதியானவர். நேரில் கண்டது.’ லிஃப்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனால், அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தக் கட்டடத்துலயே வேலை செஞ்சிருக்கீங்களே. அப்புறம் எப்படி வேலையில்லாதவர் ஆவீங்க?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டதாக மனைவி வழியெல்லாம் திட்டினாள். “இனிமே அந்தக் கட்டடத்துல ஒரு சுவிட்சக்கூட நீங்க போடக் கூடாது” என்றாள். அவரும் தலையாட்டினார்.

அதன் பிறகு ஒருநாள் இருவரும் படியேறி, இரண்டாம் மாடி லிஃப்டுக் கதவருகே மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் பொத்தானை அமுக்கினால்கூட வேலை என்று எழுதிவிடுவார்களோ என்னவோ என்று, மனைவியின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அவர் அதில் ஏறவில்லை. கீழே ஏதோ கூட்டம் முடிந்து, நிலுவைக் கோப்புக் கட்டுகளோடு அந்த அம்மாவும் அதிகாரியும் லிஃப்டில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மின்சாரம் ஒரு முறை கண் சிமிட்டியது. லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டி அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே கதவைத் தட்டினார்கள். காவலாளி ஓடி வந்து, “லிஃப்டுக்காரரே!” என்று கூப்பிட்டார். மனைவி கணவரின் சட்டைக் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“வெளிய லிஃப்டுக்காரரா? கொஞ்சம் தொறந்து விடுங்களேன்” என்றது அதிகாரியின் குரல்.

லிஃப்டுக்காரர் கதவருகே வாயை வைத்துச் சொன்னார்: “ஐயா, நான் கை வச்சா, வேலைக்குத் தகுதியானவன்னு நீங்க எழுதுவீங்க. வேலை செஞ்சவன்னு அம்மா எழுதுவாங்க. கை வைக்கலைன்னா என்ன எழுதுவீங்கன்னு சொல்லுங்க, அதுபடி செய்யறேன்.”

உள்ளே சண்டை ஆரம்பித்தது.

“உங்களுக்கு எப்பவோ கடிதம் போட்டோம் சார்.”

“எனக்கு வரவே இல்லைம்மா.”

“உங்க கையில இருக்கிற கட்டுலதான் இருக்கு. பிரிக்கவே இல்லை, பாருங்க.”

காகிதம் சலசலத்தது. இத்தனை காலம் தபாலில் பேசிக்கொண்டவர்கள் முதல்முறையாக நேரில் பேசினார்கள், வேறு போக்கிடம் இல்லாததால். கடைசியில் அந்த அம்மாவின் குரல் தணிந்தது. “அவர் என் மாடிக்கு ஏறி வர என்ன பாடு படறார்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் சார். முக்காலியில உக்காந்து கதவைத் துடைச்சா அது வேலையா? முடியாதவர்னே எழுதிடுங்க.”

பேனா கிறுக்கும் சத்தம் வெளியே கேட்கவில்லை. கேட்டதாக மனைவி பின்னால் எல்லோரிடமும் சொன்னாள்.

“எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு” என்றார் அதிகாரி. “சீல்தான் மேல மேசையில இருக்கு.”

சீல் இல்லாத கையெழுத்து என்ன பெறும் என்று மனைவிக்குத் தெரியும். வெளியே வந்ததும் மனிதர்கள் என்ன ஆவார்கள் என்றும் தெரியும். காலரை அவள் விடவில்லை. அப்போது அந்த அம்மா, “எனக்கு மூச்சு முட்டுதுங்க” என்றார். குரல் உடைந்திருந்தது.

“முட்டாதும்மா. காத்துக்கு மேல வழி இருக்கு. கதவுல சாயாம உக்காருங்க, நான் வர்றேன்” என்று லிஃப்டுக்காரர் எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்த மனைவி பிடியை விட்டாள். வேலைக்குக் கிளம்பும் அந்த முகத்தை விபத்துக்குப் பிறகு அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

மொட்டைமாடி இயந்திர அறைக்கு ஏறி முடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மின்சாரத்தை நிறுத்தினார். பிரேக்கை இடது கையால் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, பெரிய சக்கரத்தைக் காவலாளியைச் சுற்றச் சொன்னார். மாடி மட்டத்தைக் காட்டக் கம்பிவடத்தில் பூசியிருந்த வெள்ளைக் கோடு நேருக்கு வந்ததும், “போதும்ணே” என்றார். கீழே இரண்டாம் மாடியில் கதவு திறந்தது.

அதிகாரி மேலே படியேறியே போனார். மனைவி அவர் நிழலைப்போல் கூடவே போய் மேசை முன்னால் நின்றாள். அவர் சீலைத் தூக்கினார். வாசலில் கை முழுக்கக் கிரீஸோடு வந்து நின்ற லிஃப்டுக்காரரைப் பார்த்தார். சீல் அந்தரத்தில் நின்றது.

பிறகு ‘டொக்’ என்று சத்தம் கேட்டது.

கிரீஸ் படாமல் இரண்டு விரல் நுனியில் தாளைப் பிடித்து லிஃப்டுக்காரர் படித்தார். ‘எந்த வேலையும் செய்ய இயலாதவர்.’ இதற்காகத்தான் இத்தனை படி ஏறி இறங்கினார். ஆனாலும் அந்த வரியை இரண்டாம் முறை படிக்க மனசு வரவில்லை. தாளை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இருவரும் வாசலைத் தாண்டியபோது அதிகாரி கூப்பிட்டார்.

“ஒரு நிமிஷம். லிஃப்ட் நிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்குது. போறப்போ அதையும் கொஞ்சம் பார்த்துட்டுப் போயிடுங்க.”

“சரிங்க ஐயா” என்றார் லிஃப்டுக்காரர்.