அதாவது அக்கா

அச்சகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘அதாவது அக்கா’. பதினெட்டு வருடமாகக் கணினியில் எழுத்தடிக்கிறவள். ஆங்கில வாசகம் எது வந்தாலும் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். ‘ஐ.ஈ.’ வந்தால் ‘அதாவது’ என்பாள், ‘ஈ.ஜி.’ வந்தால் ‘உதாரணமா’ என்பாள். இரண்டும் லத்தீன் சுருக்கம் என்று யாரோ சொல்லக் கேட்டதுதான். யானைக்கும் அடி சறுக்கும். படித்தவர்களும் இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுச் சறுக்குவார்கள் என்பது மட்டும் அவளே கண்டது. அச்சு இயந்திரக்காரர் அவள் படிப்பதைப் போலவே படித்துக் காட்டிச் சிரிப்பார். அவள் அசைந்து கொடுத்ததில்லை.

முதலாளிக்கு ஒரே சட்டம்: வாடிக்கையாளர் எழுதியதில் கை வைக்கக் கூடாது. போன வருடம் ஒரு வக்கீலின் கடிதத்தைத் திருத்தப் போய் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அன்று மதியம் மழலையர் பள்ளி டீச்சர் ஒருவர் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு அனுப்பினார். மறுநாள் பிள்ளைகள் பூங்காவுக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒவ்வாமை இருப்பதால் சாப்பாட்டு டப்பாவில் கொட்டைப் பருப்பு வேண்டாம், ஐ.ஈ. வேர்க்கடலை. பள்ளி விடுவதற்குள் இருநூறு தாள் வேண்டுமாம்.

“கொட்டைப் பருப்பு வேண்டாம், அதாவது வேர்க்கடலை” என்று படித்தாள். கை நின்றது. வேர்க்கடலை மட்டும்தானே என்று முந்திரி பிஸ்கட்டை எந்தத் தாயும் நிம்மதியாக வைத்து அனுப்புவாளே.

“அடிச்சாச்சா?” என்றார் முதலாளி.

“இல்லைங்க. டீச்சர்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“குடுத்ததை அடிச்சுக் குடும்மா. உனக்கெதுக்கு ஊர் வம்பு?”

“கேட்டுட்டு அடிக்கிறேங்க.”

முதலாளியின் முகம் கடுகடுத்தது. ஆனாலும் அவள் போனை எடுத்தாள்.

“டீச்சர், அந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை மட்டும்தான் ஆகாதா?”

“எல்லாக் கொட்டையும் ஆகாதுங்க. முந்திரி பட்டா மூச்சே அடைச்சிரும். ஏன் கேக்குறீங்க?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். டீச்சருக்குக் குரல் இறங்கிவிட்டது. ‘ஈ.ஜி.’ என்று மாற்றி, முந்திரி, பாதாம் இரண்டையும் சேர்த்து, கடைசியில் ‘எதுவுமே வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் போடச் சொன்னார். தாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண், கையில் சின்னப் பிள்ளையோடு அச்சகத்துக்குள் வந்தாள்.

“பூங்காவுல ஒரு அம்மா சொன்னாங்க. டப்பாவுல வெச்ச முந்திரி பிஸ்கட்டை உங்க தாளைப் பாத்துட்டுத்தான் வெளிய எடுத்தாங்களாம். அவங்க குழந்தை, ஒவ்வாமை இருக்குற என் பிள்ளை பக்கத்துலதான் உக்காந்து சாப்பிடும். இங்கிருந்து போன் பண்ணிக் கேட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க, அவங்க யாரு?”

இயந்திரக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். இத்தனை வருடமும் அவளை ‘இந்தாம்மா’ என்றே கூப்பிட்ட முதலாளி எழுந்து நின்றார்.

“எங்க அதாவது அக்காதாங்க.”

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பதினெட்டு வருடக் கிண்டலும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது என்று தோன்றியது. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். முதலாளி பின்னாலேயே வந்து, புதிதாக வந்த ஆங்கிலத் தாள் ஒன்றை அவள் முன் வைத்தார்.

“இதையும் கொஞ்சம் வாய்விட்டுப் படிச்சிருங்க, அக்கா.”