செய்மதிப் படத்தில் எங்கள் மேடு

போன வருஷம், தேயிலைக் கொழுந்து குறைந்த வெயில் மாதத்தில், கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. மண் சரியாமல் இருக்க மரம் நடுவதற்காக, செய்மதி எடுத்த படத்தைப் பார்த்து, மரமில்லாமல் புல் மண்டிய வெறுங்காடுகளைக் குறித்திருந்தார்கள். அதை நேரில் சரிபார்க்க, பதுளையிலிருந்து முக்காடு போட்ட பெண் அதிகாரி ஒருத்தர் வந்தார்.

குறித்திருந்த காடுகளில் ஒன்று, அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களைப் புதைத்த இடம். என் வீட்டுக்காரரும் அங்கேதான். கல் எல்லாம் கிடையாது; தலைமாட்டில் நான் நட்ட ஒரு குரோட்டன் செடி, அவ்வளவுதான்.

"அது வெறுங்காடு இல்ல. எங்க ஆளுக படுத்திருக்காங்க" என்றேன்.

"படத்துல எல்லாம் பச்சையாத்தான் தெரியுது அம்மா. எடத்தக் காட்டுங்க, மாத்திக் குறிச்சிடுறேன். இல்லாட்டி கன்னு நட குழி வெட்ட வந்துருவாங்க" என்றார் அதிகாரி.

நான்தான் காட்டுவேன் என்று நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு முன்னால் ஏறினேன். முழங்கால் வலியால் சில வருஷமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. மானாப்புல் தலைக்கு மேலே நின்றது. சுற்றிச் சுற்றி வந்தும் இடம் பிடிபடவில்லை.

"என்ன மதினி, எங்கண்ணன் ஒங்களுக்குப் பயந்து எந்திரிச்சுப் போயிட்டாரா?" என்றாள் நாத்தனார். சிரித்தேன். ஆனால் கண் கலங்கிவிட்டது.

அந்த அதிகாரிப் பிள்ளை திரும்பிப் போகவில்லை. புல்லிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த டெப் திரையில் வேறொரு படத்தை எடுத்தார். "இது காடு மூடுறதுக்கு முந்தின படம். பாருங்க."

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படத்துக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. பச்சைக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி எங்கள் பழைய பாதை! அதன் வளைவில்தான் என் வீட்டுக்காரர் காத்திருந்து என் கொழுந்துக் கூடையை இறக்கிவிடுவார். "மெதுவா வா புள்ள, மலை ஓடியா போயிரும்?" என்பார். வளைவைத் தாண்டி அவரைப் புதைத்த மேடு. அதில் விரலை வைத்தேன்.

படத்தைப் பார்த்துப் பார்த்துப் புல்லை விலக்கிப் போனோம். குரோட்டன் மரமாகியிருந்தது, சிவப்பும் மஞ்சளுமாக. நாத்தனார் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பிள்ளை காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்துதான் குறித்துக்கொண்டார்.

இன்று மரக்கன்றுகள் எங்கள் மேட்டை விட்டு விலகித்தான் நிற்கின்றன. முன்பின் தெரியாத ஒரு பிள்ளை என் வார்த்தையை நம்பி மலை ஏறியதை நினைத்தால், என் வீட்டுக்காரர் போனபின் எனக்கு யாருமில்லை என்று சொல்ல இப்போது வாய் வருவதில்லை.