வேகாத காலுக்கு டிரேட்மார்க்

என் தம்பி தன் கபடி அணிக்கு ‘வேகாத காலு’ என்று பேர் வைத்தபோது ஒரு வாரம் அவனோடு நான் பேசவில்லை. புலி, சிங்கம், சிறுத்தை எல்லாம் செத்தா போச்சு, இவனுக்கு வேறு பேரே கிடைக்கவில்லையா என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன், அவன் காதில் விழட்டும் என்று.

மரக்காணத்தில் அது வசவு. வருஷக்கணக்கில் வெறுங்காலோடு உப்பளத்தில் நின்று உப்பு வாருகிறவர்களுக்குப் பாதம் மரக்கட்டையாக இறுகிவிடும். செத்த பிறகு உடம்பு எரிந்தாலும் பாதம் எரியாது. அதைத் தனியாக எடுத்துப் புதைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அப்பா போன மறுநாள் தம்பிதான் சுடுகாட்டுக்குப் போய்ப் புதைத்துவிட்டு வந்தான். ஊருக்கு இது கேலி. பள்ளிக்கூடத்தில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. “வேகாத காலு, தள்ளி உட்காரு” என்பார்கள். டீச்சர் கேட்டும் கேட்காத மாதிரி போர்டில் எழுதிக்கொண்டிருப்பார்.

தம்பிக்கு வேறு நியாயம். அணியில் எல்லாருமே உப்பளத்து ஆட்கள். சரளைக்கல் நிறைந்த மைதானத்தில் எதிரணிக்காரன் பாதம் கிழிந்து நொண்டும்போது இவர்கள் பாட்டுக்கு ஆடுவார்கள்.

“அவங்க திட்டுறத நாமளே சட்டையில எழுதிக்கினா, அப்புறம் எதச் சொல்லிக்கா திட்டுவாங்க?” என்றான்.

ஜெயித்துக்கொண்டே வந்ததில் பேர் நாலு ஊருக்குப் பரவியது. பாண்டிச்சேரியில் ஒரு பனியன் கடைக்காரர் அதே பேரை அச்சடித்து, கீழே கருகின கால் படம் ஒன்றையும் போட்டு, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விற்க ஆரம்பித்தார். தம்பி போய்க் கேட்டதற்கு, பேர் உன் பேரில் பதிந்திருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம். பேரைப் பதிய வேண்டும், அந்தப் படத்தைக் கிழித்துப் போட வேண்டும்.

பதிகிற வேலை என் தலையில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். டிரேட்மார்க் அதுதான் முதல் தடவை. பேர் தமிழில் இருந்தால் இங்கிலீஷில் அர்த்தம் எழுத வேண்டுமாம். எரியாத பாதம் என்று எழுதி முடித்திருக்கலாம். எங்கள் ஆட்களுக்கோ அரசாங்கத் தாளைக் கண்டாலே பயம். எதையாவது மறைத்தால் பின்னால் ரத்தாகிவிடும் என்று, கேட்காததையும் சேர்த்து எழுதிக் கொடுப்போம். உப்பளத் தொழிலாளர்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல், சுடுகாட்டு வழக்கத்தை வைத்து வந்தது என்று மூன்று வரி எழுதினேன்.

சில மாதம் கழித்து ஆட்சேபம் வந்தது. ஒரு பிரிவினரை இழிவுபடுத்தும் பேரைப் பதிய முடியாது, சொல்வதற்கு ஏதாவது இருந்தால் வீடியோ விசாரணையில் சொல்லலாம் என்றிருந்தது. தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அதிகாரி மரியாதையான மனிதர்தான். நாளைக்கு ஒரு உப்பள முதலாளி தன் அணிக்கு இதே பேரைக் கேட்டால் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுக்கவே கூடாதுங்க என்றான் தம்பி. அப்புறம் உங்களுக்கு மட்டும் எப்படித் தருவது, நான் பேரைத்தானே பார்க்க முடியும் என்றார்.

“அந்தப் பேரால அசிங்கப்பட்டவங்க நாங்கதாங்க. நாங்களே வேணும்னு கேக்குறோம்.”

“உங்களைக் காப்பாத்தத்தான்பா இந்தச் சட்டமே இருக்கு.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பெரிய காப்பாற்றல்! பனியன் விற்கிறவனைத் தொட ஆளில்லை, முறையாக விண்ணப்பம் போட்டவனுக்குப் பாடம் நடத்துகிறார்கள். இருந்தாலும் முதலாளியைப் பற்றி அவர் கேட்டது நியாயம்தான். அந்தப் பேரை முதலாளிக்குக் கொடுத்திருந்தால் முதலில் மறியலுக்கு உட்காருகிறவள் நான்தான்.

மறுத்து உத்தரவு வந்த அன்று தம்பி வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தான். படித்துத் தமிழில் சொல்லச் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தேன். இது வசைச்சொல் என்று விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னான். யார் ஒத்துக்கொண்டது என்று கேட்டான். நான் எழுதின மூன்று வரியைத் திறந்து காட்டி அதையும் தமிழில் சொன்னேன்.

“அப்பா காலக் கையில ஏந்தினு போனவன் நான். எனக்கு அது திட்டாத் தெரியலக்கா. உனக்குத்தான் இன்னும் திட்டா இருக்குது.”

சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பயத்தில்தான் அந்த வரிகளை எழுதினேன் என்று அதுவரை நானே நம்பிக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சம்தான். இது திட்டு, இப்படிச் சொல்வது தப்பு என்று அரசாங்கம் ஒரு தடவையாவது எழுத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது, முத்திரையோடு, என் தம்பியின் பேருக்கு.