டாக்டர் தோட்டத்து வாடல்

வாட்ஸ்அப் குழுவில் தொள்ளாயிரம் விவசாயிகள். அத்தனை பேர் கைப்பேசியிலும் அவர் பெயர் 'தக்காளி டாக்டர்'தான். படித்தது பத்தாம் வகுப்பு, அதிலும் அறிவியலில் தத்தளித்தவர். நாலு வருடம் முன்பு யாரோ போட்ட சுருண்ட இலைப் படத்தைப் பார்த்து, 'வெள்ளை ஈ. இலையைத் திருப்பிப் பாருங்க' என்று எழுதினார். திருப்பினார்கள், ஈ இருந்தது. அவ்வளவுதான், பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புழுவும் புள்ளியும் அழுகலும். கொஞ்சம் தாமதித்தால், 'டாக்டருக்குக் கோபமா?' என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்லலாம்தான். முதல் வருடமே சொல்லியிருக்க வேண்டும். இப்போது வாய் வரவில்லை, மனிதர் தெரிந்ததுபோல் ஏதாவது எழுதிவிடுவார்.

இப்படி இருக்கையில் அவர் தோட்டத்திலேயே தக்காளி வாட ஆரம்பித்தது. காலையில் பச்சையாக நிற்கும் செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். புள்ளி இல்லை, மஞ்சள் இல்லை. ஊருக்குச் சொல்லும் வைத்தியத்தையே தனக்கும் செய்தார்: வேரில் பூஞ்சாண மருந்து, பிறகு தாராளமாகத் தண்ணீர். இரண்டு வரிசை எட்டு வரிசையானது. மொத்தமே இருபத்திரண்டு வரிசை. அந்த வருடத்துக்கு வேறு பயிரும் இல்லை.

"குழுவுல கேளுங்களேன்," என்றாள் மனைவி.

"நான் கேட்டா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். செடி போயிட்டிருக்கே!"

கடைசியில் குறுக்குவழி ஒன்று பிடித்தார். மனைவியின் எண்ணைக் குழுவில் சேர்த்து, அதிலிருந்து வாடிய செடியின் படத்தைப் போட்டார். 'புதுசா தக்காளி வச்சிருக்கேன். இப்படி வாடுது. என்ன பண்ணலாம்?'

மோட்டார் அறைப் படியில் இருவரும் காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் முப்பது பதில்கள். 'டாக்டர் பாப்பாரு.' 'டாக்டர் வரட்டும், அதுவரை எதுவும் பண்ணாதீங்கம்மா.' அவர் சட்டைப் பையில் இருந்த கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, அந்த டாக்டர் எங்க போயிட்டாரு?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய்த் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன் யாரைக் கூப்பிடுவான்?

அப்போது மனைவியின் எண்ணுக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவள் மேட்டுத்தோட்டத்து அக்கா. குழுவில் அதிகம் பேசாதவள்.

"தங்கச்சி, இது குழுவுல போட வேணாம்னு தனியா அனுப்புறேன். தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணியில தொங்கவிடு. பால் மாதிரி நூல் இறங்கினா அது பாக்டீரியா, மருந்தே கிடையாது. செடியை மண்ணோட அள்ளிடு. மத்த வரிசைக்குத் தண்ணி போகாம மடையை அடைச்சிடு. வேற குழு ஒண்ணுல கத்துக்கிட்டேன். போன வருஷம் டாக்டர் சொன்னாருன்னு தண்ணியா விட்டேன். தண்ணியே நோயைத் தூக்கிட்டுப் போய் முழுத் தோட்டமும் போச்சு. நல்ல மனுஷன், மனசு நோகும்னு யார்கிட்டயும் சொல்லல. நீயும் என் பேரைச் சொல்லிடாத."

அவர் தன் கைப்பேசியில் போன வருடத்துப் பேச்சைத் தேடினார். 'தண்ணி நல்லா விடுங்க' என்று அவர் எழுதியதற்குக் கீழே, 'ரொம்ப நன்றி டாக்டர்' என்று அக்கா எழுதியிருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

மனைவி டம்ளர் கொண்டுவந்தாள். தண்டைத் தொங்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. அவர் ஓடிப்போய் மடையை அடைத்தார். மடைக்கு அந்தப் பக்கம் இருந்த பதினான்கு வரிசை இன்னும் பச்சையாகத்தான் நின்றது.

டம்ளரின் படத்தோடு, தன் எண்ணிலிருந்தே எழுதினார்: 'இது என் தோட்டம். மனைவி எண்ணுல கேட்டது நான்தான். தண்ணி விடுங்கன்னு போன வருஷம் சொன்னது தப்பு. தெரியாமலே சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க.' சோதனையையும் மடையையும் விவரமாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டபடி அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

மனசு லேசானது. பதில்கள் வந்து குவிந்தன.

'டாக்டர் தன் செடியை வெட்டியே நமக்குப் பாடம் நடத்தியிருக்காரு!'

'இவ்வளவு பெரிய ஆளுக்கு எவ்வளவு அடக்கம் பாருங்க!'

அவற்றுக்குக் கீழே அதற்குள் ஒரு கத்தரி இலைப் படம். 'டாக்டர், இது என்ன நோய்?'

அவர் உற்றுப் பார்த்தார். நாலு வருடத்தில் முதல் தடவையாக, 'எனக்குத் தெரியாது' என்று எழுதி அனுப்பினார்.

உடனே பதில் வந்தது: 'பரவாயில்ல டாக்டர், நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்.'